நாகதாளியில் வெண்பஞ்சு: ஒரு பூச்சிச் சாதியின் பெயர் வரலாறு

வடபகுதியின் கரையோர மணற்காணிகளில் நாகதாளியை அறியாதவர்கள் இலர். சப்பாத்திக்கள்ளி என்றும் இதனைச் சொல்வர். தட்டையான பச்சைத் தண்டு, அதன்மேற் கொத்துக்கொத்தாய் முள், மஞ்சட்பூ, செம்பழம். பழத்தைத் தின்று வாயையும் சட்டையையும் சிவப்பாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஏச்சு வாங்காத பிள்ளைகள் குறைவு. காணிக்காரருக்கோ இது வேறு விதமான தாவரம். ஒருமுறை உட்புகுந்தால் வெட்ட வெட்டத் தழைக்கும். வெட்டி எறிந்த துண்டு விழுந்த இடத்திலேயே வேர்விடும். மாட்டையும் விடாது, மனிதரையும் விடாது, நிலம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

இந்த நாகதாளித் தண்டிற் சில இடங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போற் சிறு திட்டுக்கள் தோன்றுவதுண்டு. பூஞ்சணம் என்று எண்ணிக் கடந்து போவோரே அதிகம். ஒரு குச்சியால் அதனை நசுக்கிப் பார்த்தால் குங்குமத்தைக் கரைத்தாற்போலக் கடுஞ்சிவப்புச் சாறு வெளிவரும். அது பூஞ்சணமன்று, உயிருள்ள பூச்சி. பஞ்சு போலத் தெரிவது அப்பூச்சி தன் உடலிலிருந்து சுரந்து போர்த்துக்கொண்ட மெழுகு. அதற்குள் இருப்பவை பெண்பூச்சிகள். அவற்றுக்குச் சிறகில்லை, வாயூசியைத் தண்டிற் செருகிய பின் வாழ்நாள் முழுவதும் அவ்விடத்தை விட்டு அசைவதுமில்லை. குஞ்சுப் பருவத்தில் மாத்திரமே ஊர்ந்தோ, காற்றில் அள்ளுண்டோ அடுத்த செடியைச் சென்றடையும்.

செதிற்பூச்சிகள் எனப்படும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்த இப்பூச்சிகளின் சாதிப் பெயர் டக்ரைலோபியஸ். (இங்கே சாதி என்பது பள்ளிக்கூட விலங்கியற் புத்தகம் சொல்லும் சாதி. பல இனங்கள் சேர்ந்தது ஒரு சாதி. வேறெந்தப் பொருளையும் வாசகர் கொள்ளவேண்டாம்.) இச்சாதியில் இன்று 11 இனங்கள் அறியப்பட்டுள்ளன. எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. எல்லாமே கள்ளிக் குடும்பமாகிய கக்டஸ் தாவரங்களை உண்டு வாழ்பவை. அப்படியிருந்தும் அவற்றுள் ஒன்றின் விஞ்ஞானப் பெயரில் எமது தீவின் பெயர் இருக்கின்றது: டக்ரைலோபியஸ் சிலோனிக்கஸ். பிறேசில் நாட்டுப் பூச்சிக்கு இலங்கையின் பெயர் எப்படி வந்தது என்பது ஒரு நீண்ட கதை. அந்தக் கதையில் ஆட்கள் ஏமாந்திருக்கிறார்கள், நிலங்கள் விடுபட்டிருக்கின்றன, தூரத்து நாடொன்றில் ஏழைகளின் உணவும் பறிபோயிருக்கின்றது. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் காரணம், வெண்பஞ்சுக்குள் இருக்கும் பூச்சி எது என்பதைச் சரியாகப் பெயர்சொல்ல முடியாமற் போனதே.

விதையா, பூச்சியா?

மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள் நெடுங்காலமாக இச்சாதியின் ஓர் இனத்தை நாகதாளித் தோட்டங்களில் வளர்த்து, உலர்த்தி, அதிலிருந்து செஞ்சாயம் எடுத்து வந்தனர். அதுவே கொச்சினீல். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவைக் கைப்பற்றிய ஸ்பானியர் இச்சாயத்தை ஐரோப்பாவுக்கு ஏற்றி விற்றுப் பெரும் பொருள் ஈட்டினர். அரசர்களின் அங்கியும், கர்தினால்மாரின் உடுப்பும், ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளின் செஞ்சட்டையும் இதிற் தோய்ந்தவை. ஒரு இறாத்தல் சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 உலர்ந்த பூச்சிகள் வேண்டும் என்றால் அதன் விலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்பானியர் அதன் இரகசியத்தை வெளியில் விடவில்லை. உலர்ந்த பூச்சி பார்வைக்குச் சுருங்கிய விதைபோல இருக்கும். அவர்கள் அதனை அழைத்த பெயரும் தானியம் என்ற பொருளுடையது. ஆகவே ஐரோப்பாவில் இது விதையா, பழமா, பூச்சியா என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நீண்டது. ஒல்லாந்தரான லீவன்ஹூக் தமது நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து இது பூச்சியே என 1704 இல் எழுதினார். அதையும் பலர் ஏற்கவில்லை. பின்னர் டி றூஸ்கர் என்ற இன்னொரு ஒல்லாந்தர் தம் நண்பரோடு பெருந்தொகைக்குப் பந்தயமே கட்டிவிட்டார். மெக்சிக்கோவின் ஒஹாக்கா பகுதியில் இப்பூச்சியை வளர்ப்போர் நீதிபதியின் முன் சத்தியஞ்செய்து கொடுத்த வாக்குமூலங்களை வரவழைத்து, 1729 இல் அவற்றைப் புத்தகமாகவே வெளியிட்டார். இயற்கை விஞ்ஞான வரலாற்றில் ஒரு பிராணி பிராணிதான் என்று சத்தியக்கடதாசி மூலம் நிறுவப்பட்டது வேறெங்கும் நடந்திருக்குமோ தெரியாது!

இந்தக் குழப்பத்தின் தழும்பு இன்றும் பெயரிலே தெரிகின்றது. சுவீடன் நாட்டு லினேயஸ் 1758 இல் விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது செதிற்பூச்சிகளையெல்லாம் கொக்கஸ் என்ற ஒரே சாதிக்குள் அடக்கினார். கொக்கஸ் என்பது தானியமணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கள்ளியில் வாழ்வதற்கு அவர் இட்ட பெயர் கொக்கஸ் கக்ரை. இதற்கு ஆதாரமான பூச்சிகளை அவரது மாணவர் டானியல் ரோலண்டர் தென்னமெரிக்காவின் சுரினாமிலிருந்து 1756 இற் கொண்டுவந்தார். கள்ளிச்செடி பூச்சியோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவேளை லினேயஸ் வகுப்பில் இருந்தாராம். தோட்டக்காரன் செடி அழுக்காய் இருக்கின்றதே என்று நன்றாகக் கழுவித் துடைத்து வைத்துவிட்டான். ஆசிரியர் வந்து பார்த்தபோது பூச்சியொன்றும் மிஞ்சவில்லை. வேலையிற் சிரத்தையுள்ள தோட்டக்காரர்களால் இப்படியும் நேர்வதுண்டு.

இதனிலும் பெரிய வேடிக்கை பின்னால் வெளிவந்தது. லினேயஸ் கொக்கஸ் கக்ரை என்று எழுதியது சாயப்பூச்சியையே அன்று. கள்ளியில் வாழும் வேறொரு குடும்பத்துச் செதிற்பூச்சி அது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இருநூறு ஆண்டுகளாக வணிகரும் வைத்தியரும் அறிஞரும் சாயப்பூச்சியைக் கொக்கஸ் கக்ரை என்றே எழுதி வந்திருந்தனர். இத்தாலியரான கொஸ்ரா 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த டக்ரைலோபியஸ் என்ற சாதியும், அவர் இட்ட டக்ரைலோபியஸ் கொக்கஸ் என்ற பெயருமே இன்று மெய்யான சாயப்பூச்சிக்கு நிலைத்துள்ளன.

எமது பக்கத்து நூல்களும் இதற்கு விலக்கல்ல. முதல் மழையோடு செம்பட்டு உடுத்து மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியை, அதாவது இந்திரகோபத்தை, சமஸ்கிருத அகராதியொன்று கொச்சினீற் பூச்சி என்றே பொருள் கூறுகின்றது. தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால்கள். அது சிலந்தியின் உறவு. நிறம் ஒன்றாயிருந்ததால் அகராதிக்காரர் பெயரையும் ஒன்றாக்கிவிட்டார்.

சென்னையிலும் கல்கத்தாவிலும்

ஸ்பானியரின் ஏகபோகத்தை உடைக்கப் பலரும் முயன்றனர். பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் அந்த ஆசை இருந்தது. சென்னையில் கம்பனியின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன் 1786 இல் அங்குள்ள புல்லொன்றில் வெண்ணிறச் செதிற்பூச்சிகளைக் கண்டார். கொச்சினீலுக்கு நிகரானது கிடைத்துவிட்டது என்று இலண்டனிலிருந்த சேர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். மாதிரிகள் போய்ச் சேர்ந்தன. அது வேறு பூச்சி, சாயத்துக்கு உதவாது என்று பதில் வந்தது. அண்டர்சன் தளரவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றை அமைத்து, மெய்யான பூச்சி வரும்வரை காத்திருந்தார்.

1795 இல் பூச்சி வந்தது. நீல்சன் என்ற படைக் கப்டன் பிறேசிலின் றியோ டி ஜனைரோத் துறையிற் கப்பல் தங்கியபோது பூச்சி படிந்த கள்ளித் துண்டுகளைச் சேகரித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளர் றொக்ஸ்பரோ அவற்றைப் பலவகைக் கள்ளிகளில் விட்டுப் பார்த்தார். வங்காளத்தில் வேலிக்கு நட்டிருந்த நாகதாளியில் அவை வெகு விரைவாகப் பெருகின. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சென்னைக்கும் அனுப்பினார்கள்.

ஆனால் சாயம் தரமாக அமையவில்லை. மெழுகு அதிகம், செஞ்சாறு குறைவு. சந்தையில் மெக்சிக்கோச் சரக்கோடு அது போட்டியிட முடியவில்லை. அவர்கள் கொண்டுவந்தது மெக்சிக்கோவின் வளர்ப்புப் பூச்சியன்று. அதே சாதியைச் சேர்ந்த காட்டு இனம். வெளிப்பார்வைக்கு இரண்டும் வெண்பஞ்சு, இரண்டும் நசுக்கினாற் சிவப்பு. வேற்றுமையைச் சொல்லும் நூல் அன்று எவரிடமும் இல்லை. கம்பனி செலவழித்த பணத்துக்குக் கணக்குப் பார்த்து மெல்ல மெல்லக் கைவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தப் பூச்சி வங்காளத்து நாகதாளியில் ஏன் அவ்வளவு செழித்தது? அந்த நாகதாளியும் தென்னமெரிக்காவின் அதே பகுதிக்கு உரியது. கடலோடிகள் முன்னரே அதனைக் கீழைத்தேசங்களுக்குக் கொண்டுவந்திருந்தனர். அதன் பூச்சி பின்தங்கிவிட்டது. நீல்சன் அறியாமலே இரண்டையும் மீண்டும் சேர்த்துவைத்தார். கமக்காரருக்கு இதன் பொருள் விளங்கும்: எதிரியில்லாத களை ஊரை மூடும், எதிரி வந்து சேர்ந்தால் அடங்கும்.

அதுவே நடந்தது. பூச்சி பரவிய இடமெல்லாம் அந்த வகை நாகதாளி வாடி வீழ்ந்தது. 1830களின் பிற்பகுதியிற் களையை அழிக்கவேண்டுமென்றே அதனைத் தென்னிந்தியாவிற் பரப்பினார்கள். தென்னிந்தியாவிலிருந்து 1865க்குச் சற்று முன் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு களையை ஒழிப்பதற்காக அதன் இயற்கை எதிரியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே எடுத்துச் சென்றதில் உலகிலேயே முதல் நிகழ்ச்சி இதுவே என உயிரியற் கட்டுப்பாட்டு வரலாற்றை எழுதுவோர் கூறுகின்றனர். பாக்கு நீரிணையைக் கடந்த அந்தப் பூச்சிப் பெட்டியைப் பற்றி எமது பாடப்புத்தகங்களில் ஒரு வரியைக்கூட யான் கண்டதில்லை.

ஒரே பூச்சிக்கு ஒரே ஆள் இட்ட இரு பெயர்கள்

இப்பூச்சிக்குத் தனிப் பெயர் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. எட்வேர்ட் ஏணஸ்ற் கிறீன் இலங்கையிலே பிறந்தவர். தோட்டத் துரையாய் இருந்து பூச்சியியலுக்கு வந்தவர். 1899 முதல் 1913 வரை பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணியாற்றினார். கோப்பியைத் தாக்கும் பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889 இற் பெயரிட்டவரும் இவரே. இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி 1896 இலிருந்து 1922 வரை ஐந்து பாகங்களாக அவர் வெளியிட்ட நூலின் வண்ணப் படங்களைத் தாமே வரைந்தார். அவற்றின் நுணுக்கத்தைப் பார்த்தவர் எவரும் அந்தக் கையை மறக்கமாட்டார்.

கிறீன் 1896 இல் இலங்கை நாகதாளியில் இருந்த பூச்சியைக் கொக்கஸ் கக்ரையின் ஒரு வகை எனக் கொண்டு அதற்குச் சிலோனிக்கஸ் என்று பெயரிட்டார். 1908 இல் இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளை ஆராய்ந்து அதனைத் தனியினமாகக் கருதி இண்டிக்கஸ் என்று பெயரிட்டார். இரண்டும் ஒரே பூச்சி. பெயரிடும் விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை; ஆகையால் இந்தியாவின் பெயர் போய் இலங்கையின் பெயர் நின்றது. இரண்டு நாட்டுக்கும் உரிமையில்லாத பூச்சிக்கு இவ்வளவு வழக்கு! ஆனால் இந்த வழக்கு உடனே தீரவில்லை. 1913, 1914ஆம் ஆண்டுகளில் இப்பூச்சியைத் தென்னாபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கொண்டுசென்று அங்கும் களையை அடக்கினார்கள். அக்காலத்து எழுத்துக்களில் இண்டிக்கஸ் என்ற பெயரும் தாராளமாக வழங்கியது. ஒரு நாட்டின் அனுபவத்தை இன்னொரு நாட்டார் படித்து அறியும்போது, இது அதுதானா என்று தடுமாறவேண்டியிருந்தது.

இதற்கிடையில் இலங்கையில் வேறொரு சங்கடம். சிலோனிக்கஸ் பூச்சி ஒரு வகை நாகதாளியை மாத்திரமே தின்றது. கரையோர வரண்ட நிலங்களை மூடியிருந்த மற்ற வகையை அது தொட்டும் பார்க்கவில்லை. முதற்பூச்சி வந்து அறுபது ஆண்டுகளாகியும் அந்த இரண்டாம் நாகதாளி முன்போலவே நின்றது. இன்று எமது கரைகளில் நாம் காண்பது அந்த வகையே. அதற்குரிய பூச்சி 1924 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கே நன்கு வேலைசெய்ததைக் கண்டு 1926 இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமை உள்ளிட்ட பகுதிகளிற் சில ஆண்டுகளிலே நாகதாளிக் காடுகள் சரிந்தன. முதலாவது முறை அவர்கள் எமக்குத் தந்தார்கள். இரண்டாம் முறை நாம் அவர்களுக்குக் கொடுத்தோம்.

விவசாயத் திணைக்களத்தின் பூச்சியியலாளர் ஜெப்சன் 1930 இல் இதன் பெறுபேறுகளைத் திணைக்களத்தின் சஞ்சிகையில் எழுதினார். அவர் பயன்படுத்திய பெயர் டக்ரைலோபியஸ் ரொமென்ரோசஸ். அன்று எல்லோரும் அப்படியே எழுதினர். அது சரியான பெயரன்று என்பது 1974 இலேயே தெளிவாயிற்று. தென்னாபிரிக்காவிற் பணிபுரிந்த டி லொற்றோ என்ற ஆய்வாளர் உலக நூதனசாலைகளிலுள்ள மாதிரிகளையெல்லாம் தேடிப் பார்த்து இச்சாதியின் பெயர்களை ஒழுங்குபடுத்தினார். இலங்கை நாகதாளியை அழித்தது ஒபுன்ரியே என்ற இனம். ரொமென்ரோசஸ் என்ற பெயருக்குரிய மெய்யான பூச்சி, உருளைத் தண்டுடைய வேறு சாதிக் கள்ளிகளில் வாழ்வது. எமது நாகதாளியில் அதனை விட்டாற் பட்டினியால் இறந்துபோகும். பழைய நூலைப் படித்துவிட்டு, ரொமென்ரோசஸ் அனுப்புங்கள் என்று எவராவது கேட்டிருந்தால் விதிமுறைப்படி தவறான பூச்சியே கிடைத்திருக்கும்.

பெயர் சரியாயிருந்தாலும் போதாத இடமும் உண்டு. தென்னாபிரிக்காவின் குரூகர் தேசிய வனத்தில் நாகதாளி பரவியபோது, அந்நாட்டிலே வேறொரு கள்ளியில் நன்றாக வேலைசெய்துகொண்டிருந்த ஒபுன்ரியே பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். பயனில்லை. அதே இனத்தின் இன்னொரு கிளையை அவுஸ்திரேலியாவிலிருந்து 1990களின் பிற்பகுதியில் வரவழைத்த பின்னரே களை சரிந்தது. நுணுக்குக்காட்டியில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. செடிக்கு மாத்திரம் தெரியும்.

இங்கே மருந்து, அங்கே பஞ்சம்

எத்தியோப்பியாவின் ரிக்ரே பகுதி எமது வரண்ட வலயத்தைவிடக் கடுமையானது. அங்கே நாகதாளி களையன்று. முள் குறைந்த பெரிய வகைக் கள்ளியைக் குடும்பங்கள் வேலியாகவும் தீவனமாகவும் வளர்க்கின்றன. மழையில்லாத மாதங்களில் அதன் பழமே பலருக்கு உணவும் வருமானமும். 2000களின் முற்பகுதியில் அம்மக்களுக்குப் புதிய வருமானம் தேடித்தரும் நோக்குடன் மெய்யான சாயப்பூச்சியாகிய டக்ரைலோபியஸ் கொக்கஸை அங்கு கொண்டுசென்று அறிமுகப்படுத்தினார்கள். உணவுப்பொருட்களிற் செந்நிறம் சேர்க்க இச்சாயம் இன்றும் வேண்டப்படுகின்றது. வெளிநாட்டு இனிப்புப் பெட்டியில் ஈ 120 என்று எழுதியிருந்தால் அது இதுவே. ஆகவே எண்ணத்திற் பிழையில்லை. ஆனால் பூச்சியை ஒழுங்காக அறுவடை செய்து வாங்கும் ஏற்பாடு நிலைக்கவில்லை. அறுவடை செய்யாத பூச்சி தோட்டந் தோட்டமாகப் பரவியது. தெற்கு ரிக்ரேயில் மக்களின் கள்ளித்தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன.

இங்கே பெயர் சரியாகவே இருந்தது. ஆயினும் பூச்சியின் பெயரோடு செடியின் பெயரையும், அந்தச் செடியை நம்பி வாழ்வோரையும் சேர்த்து வாசித்திருக்கவேண்டும். கிராம அபிவிருத்தி என்ற சொல்லைப் பயன்படுத்தும் எம் போன்றோர் இந்த ஊரை அடிக்கடி நினைத்துப் பார்க்கலாம்.

மொறொக்கோவில் 2014 இல் ஒபுன்ரியே பூச்சி தோன்றியது. எமது கரையோரத்தில் நிலத்தை விடுவித்த அதே இனம், அங்கே பழத்தோட்டங்களை எரித்தாற்போல ஆக்கிவிட்டது. அதற்குத் தாக்குப்பிடிக்கும் கள்ளி வகைகளைத் தெரிந்தெடுத்து மீண்டும் நடுகின்றனர்.

பப்பாசியில் வெண்பஞ்சு

வன்னியிலுள்ள வாசகர், நாகதாளிப் பூச்சியின் பெயர் எனக்கெதற்கு என்று கேட்கலாம். எமது வீட்டுத் தோட்டங்களில் பப்பாசி, செவ்வரத்தை, மரவள்ளி, கத்தரி ஆகியவற்றில் வெண்பஞ்சு பிடிப்பதை எல்லோரும் கண்டிருப்பர். வெண்மூட்டுப்பூச்சி என்று இன்று சொல்லப்படும் இவை நாகதாளிப் பூச்சியின் தூரத்து உறவினர். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் இவற்றுக்கும் டக்ரைலோபியஸ் என்றே பெயர் வழங்கியது. பின்னர் பிரித்தெடுத்துப் பல சாதிகளாக்கினார்கள். பிரித்தது வெறும் ஏட்டுச் சண்டையன்று என்பதற்கு இரண்டு சான்றுகளைப் பார்ப்போம்.

1970களின் முற்பகுதியில் ஆபிரிக்காவின் கொங்கோப் பகுதியில் மரவள்ளியின் குருத்துக்களைச் சுருட்டி அழிக்கும் ஒரு வெண்மூட்டுப்பூச்சி பரவியது. கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு அது. 1977 இல் பிரெஞ்சு அறிஞரான மற்றில் பெரேரோ அம்மையார் அதற்குப் பினகொக்கஸ் மனிஹொற்றி என்று பெயரிட்டார். மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா என்பதால் அங்கே பூச்சியின் எதிரியைத் தேடினர். கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் இதே தோற்றமுள்ள பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பிடித்துச் சோதித்தால் அவை ஆபிரிக்கப் பூச்சியில் நிலைக்கவில்லை. நன்கு ஆராய்ந்தபோது அது வேறு இனம் எனத் தெரியவந்தது. அதில் ஆண்பூச்சிகள் உண்டு. ஆபிரிக்கப் பூச்சியோ பெண்கள் மாத்திரமே பெருகுவது. 1981 இல் அந்த மற்ற இனத்துக்கும் பெயரிட்டார்கள். அதே ஆண்டில் மெய்யான பூச்சி வெகு தெற்கே பரகுவேயில் அகப்பட்டது. அதனோடு சிறு குளவியும். அதே ஆண்டு நைஜீரியாவில் விடப்பட்ட அக்குளவி பின்னர் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் மரவள்ளியைக் காத்தது. இம்முயற்சியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இப்பூச்சி 2020 இற் கேரளத்திற் காணப்பட்டது. தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களையும் தாக்கியது. இம்முறை தேடி அலையவேண்டிய தேவை இருக்கவில்லை. பெயர் தெரிந்தவுடன் குளவியும் தெரிந்தது. ஆபிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதனை வரவழைத்து 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். மரவள்ளித் தடி கைமாறும் வழியாகவே இப்பூச்சி ஊர்விட்டு ஊர் செல்லும். பாக்கு நீரிணை பூச்சிக்குப் பெரிய தூரமன்று என்பதை 1860களிலேயே பார்த்தோம்.

மற்றச் சான்று எமது நாட்டிலேயே நடந்தது. 2008 இல் மேல்மாகாண வீட்டுத் தோட்டங்களிற் பப்பாசியை வெள்ளை மூடி அழித்தது ஒரு புதிய வெண்மூட்டுப்பூச்சி. அதே ஆண்டு கோயம்புத்தூரிலும் தோன்றியது. பரக்கொக்கஸ் மார்ஜினற்றஸ் என்ற இதன் பெயர் 1992 இலேயே மெக்சிக்கோ மாதிரிகளைக் கொண்டு இடப்பட்டிருந்தது. அன்று அது எவருக்கும் தொல்லையில்லாத சிறு பூச்சி. வேலையற்ற வேலை என்று யாராவது சொல்லியிருக்கவுங்கூடும். ஆனால் அந்தப் பெயரோடு தாயகத்தின் விலாசமும் பதிவாயிற்று. பூச்சி உலகைச் சுற்றத் தொடங்கியபோது ஆய்வாளர் நேரே மெக்சிக்கோவுக்குச் சென்று அதன் குளவிகளைக் கொண்டுவந்தனர். அவற்றுள் ஒன்று 2009 இல் புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து இலங்கைக்கு வந்தது. 2010 இல் இந்தியாவுக்கும் சென்றது. மருந்தடித்து அடங்காத பூச்சி குளவியால் அடங்கியது. செவ்வரத்தையில் அதிகமாகக் காணப்படும் இன்னொரு இனமான பினகொக்கஸ் சொலனொப்சிஸை இலங்கையில் முதன்முதல் அடையாளங்கண்டு 2009 இல் வெளியிட்டவர்கள் கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

ஆகவே வெண்பஞ்சைக் கண்டவுடன் கடைக்கு ஓடி மருந்து வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். கண்டபடி அடிக்கும் மருந்து மெழுகுக்குள் இருக்கும் பூச்சியைவிட, வெளியிற் பறக்கும் குளவியையே முதலிற் கொல்லும். பூச்சி பிடித்த இலையைக் கடதாசியிற் சுற்றி, பொலித்தீன் பையில் இடாமல், அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கின்றது. கண்டி கன்னொறுவையிற் தோட்டக்கலைப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்கே பூச்சியைக் காரத்தில் ஊறவைத்து, உள்ளுடலை நீக்கி, தோலுக்குச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் அதன் மெழுகுத் துவாரங்களை எண்ணியே பெயர் சொல்வார்கள். வெறுங்கண்ணால் இனத்தை நிச்சயிக்க எவராலும் இயலாது.

வீட்டிலே அறியக்கூடிய சில அடையாளங்களும் உண்டு. நாகதாளிப் பூச்சி நசுங்கினாற் கடுஞ்சிவப்பு. பப்பாசிப் பூச்சி நசுங்கினால் மஞ்சள். பப்பாசிப் பூச்சியை மதுசாரத்தில் இட்டுவைத்தாற் கறுத்துப்போகும். எறும்பு ஏறியிறங்கும் செடியாயின் வெண்மூட்டுப்பூச்சி இருக்க இடமுண்டு. அது கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வரும்.

இலை வாடிவிடும் தூரமாயின் பூச்சியைச் சிறு போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி அதற்குள் இட்டு அனுப்பவேண்டும். உயிருள்ள பூச்சியைக் காட்டுவதற்கென்று ஊர் ஊராகக் கொண்டு திரியக்கூடாது. போத்தலுக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதிப் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டிற் கரைந்துவிடும்.